அஞ்சாமையும் அன்பும்: யோன் பனியனின் மோட்சப் பிரயாணம் பற்றிய ஒரு நோக்கு

ஒரு சமயத்தான் பிறசமயத்தான் ஒருவனை நோக்கி, உன் ஆன்மாவுக்கு ஈடேற்றம் என் வழியிலேயே உண்டு என்று கூறுங்கால், கேட்பவன் நெஞ்சில் இருவகை உணர்ச்சிகள் எழுதல் இயல்பு. தன் முன்னோரும் தானும் இழிவுபடுத்தப்பட்டதாக எண்ணி வெகுளுதல் ஒன்று. என்மீது கொண்ட கவலையாலன்றோ இவன் இவ்வாறு பேசுகிறான் என்று ஒரு கணம் நின்று நோக்குதல் மற்றொன்று. இவ்விரண்டில் எது மேலோங்கும் என்பது சொல்லப்படும் பொருளை மாத்திரம் பற்றியதன்று. சொல்லுபவனையும் அவன் நின்று சொல்லும் இடத்தையும் பற்றியது. யாழ்ப்பாணத்தார்க்கு இஃது ஏட்டளவில் அறிந்த செய்தியன்று. 1814இல் வெஸ்லியன் மிஷனரிமாரும் 1816இல் அமெரிக்க மிஷனரிமாரும் இங்கு வந்த காலந்தொட்டு நம் முன்னோர் இத்தகைய பேச்சைப் பல்லாண்டு கேட்டனர், கேட்டுச் சிலர் ஏற்றனர், பலர் மறுத்தனர். 1854இல் வெளிவந்த நாவலரவர்களின் சைவதூஷண பரிகாரம் அம்மறுப்பின் சிகரம் எனலாம்.

கிறிஸ்தவ மறையிலே எபேசியர்க்கு எழுதப்பட்ட நிருபத்தின் நான்காம் அதிகாரம் சத்தியத்தையும் அன்பையும் ஒரே தொடரிற் பிணைத்துக் கூறுகின்றது. அங்கே அது சபையார் தம்முள் ஒழுகவேண்டிய முறையாகவே சொல்லப்பட்டது; பின்வந்தோர் அதனைப் புறத்தாரிடம் பேசும் பேச்சுக்கும் இலக்கணமாக விரித்துக்கொண்டனர். நம் வள்ளுவனார் இனியவை கூறலை இல்லறத்திலும் வாய்மையைத் துறவறத்திலும் வைத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. இரண்டையும் ஒருவனே ஒரே வேளையிற் கைக்கொள்ளல் எளிதன்று என்பது அவர் கருத்தோ என்று வினாவத் தோன்றுகிறது. எனினும், இனிய சொல்லுக்கு இலக்கணம் கூறும்போதே அதனை மெய்ப்பொருள் கண்டார்க்கு உரியதாக்கி இரண்டையும் அவர் இணைத்தும் வைத்தார்.

இவ்விணைப்பு ஒரு பேரிலக்கியத்தில் எவ்வாறு அமைந்தது, எங்கே அறுந்தது என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்கொண்ட நூல், தமிழில் மோட்சப் பிரயாணம் என வழங்கும் யோன் பனியனின் உருவகக் கதை. அதன் முதற்பாகம் 1678இலும் இரண்டாம் பாகம் 1684இலும் இங்கிலாந்தில் வெளிவந்தன. நூலின் சமயக்கொள்கை மெய்யோ பொய்யோ என்பது ஈண்டு ஆராய்ச்சிக்குரியதன்று. கதைமாந்தர் பெயர்களைப் பொருள்நோக்கி யானே தமிழிற் கூறுகின்றேன். மொழிபெயர்ப்பு நூல்களில் வேறு பெயர்கள் இருத்தல் கூடும்.

பனியன் 1628இல் பெட்போர்ட் நகருக்கு அண்மையிலுள்ள எல்ஸ்ரோ என்னும் ஊரிலே, ஓட்டைப் பாத்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழிலாளி ஒருவரின் மகனாய்ப் பிறந்தார். தாமும் அத்தொழிலையே செய்தார். பல்கலைக்கழக வாசலை மிதித்தவரல்லர். அரச திருச்சபையின் உத்தரவின்றிப் பிரசங்கித்தார் என்று 1660இற் சிறைப்பட்டார். இனிப் பிரசங்கிப்பதில்லை என்று ஒரு சொல் கொடுத்திருப்பின் வீடு திரும்பியிருக்கலாம். கொடாமையால் 1672 வரை பன்னிரண்டு ஆண்டு சிறையில் இருந்தார். கண்பார்வையற்ற மகள் ஒருத்தியும் வேறு சிறு பிள்ளைகளும் வெளியே இருந்தனர். மனைவி எலிசபெத் 1661இல் நீதிபதிகள் முன் தனியே நின்று கணவனுக்காக வழக்குரைத்தாள், பயன் கிட்டவில்லை. சிறையினுள்ளே நாடாக்களுக்கு முனை கட்டி விற்று அவர் குடும்பத்தைத் தாங்கினார். அஞ்சாது பேசுதலுக்கு விலை உண்டு என்பதையும், அவ்விலையைப் பேசியவன் மாத்திரம் கொடுப்பதில்லை என்பதையும் இவ்வாசிரியர் அறிவார்.

அவர் தம் வரலாறாக 1666இல் வெளியிட்ட நூலிலே தம் பிரசங்கத்தைப் பற்றிச் சொல்வது பெரிதும் கவனிக்கற்பாலது. குற்றவுணர்ச்சி என்னும் விலங்கு தம் கால்களில் இன்னும் கிடக்கும்போதே, அவ்விலங்கு பூண்ட மற்றோரிடம் தாம் சென்றதாகக் கூறுகிறார். கரையேறியவன் கரையில் நின்று கூவிய பேச்சன்று அது. மோட்சப் பிரயாணத்தில் விசுவாசியின் பேச்சு உயிர்பெறும் இடங்களிலெல்லாம் பேசுபவன் முதுகில் இன்னும் ஒரு சுமை இருக்கின்றது; சுமை இறங்கியபின் அப்பேச்சின் துணிவு வளர்கின்றது, அன்பு அதே அளவில் வளரவில்லை என்பதே யான் இந்நூலிற் கண்டது.

கதையின் தொடக்கத்தை நோக்குவோம். கந்தையுடுத்து, கையில் ஒரு நூலும் முதுகில் பெருஞ்சுமையுமாய் நிற்கின்றான் கிறிஸ்தியான். தன் நகரம் அழியும் என்று கண்ட அவன் அச்செய்தியை முதலில் மனைவி மக்களுக்கு மறைக்கின்றான். மறைக்கமுடியாதபோது அழுதுகொண்டு சொல்லுகின்றான். அவர்கள் அதனை மூளைக்கோளாறு என்று எண்ணி, உறங்கினால் தெளியும் என்று படுக்கையில் இடுகின்றனர். மறுநாட் காலையும் அவன் தெளியாமை கண்டு ஏளனமும் கடுஞ்சொல்லும் பாராமுகமும் காட்டுகின்றனர். அவனோ தன் அறையிற் புகுந்து அவர்களுக்காக இரங்கி மன்றாடுகின்றான். இப்பகுதியில் வாதம் இல்லை, கண்ணீரே உண்டு. அதன் பயனும் உடனே தோன்றவில்லை.

அடுத்து அவனைச் சந்திக்கும் சுவிசேஷகன் பேசும் முதற் பேச்சே ஒரு வினா: ஏன் அழுகின்றாய் என்பது. உபதேசம் அதன் பின்னரே வருகின்றது. பெரும் பிரசங்கிகள் பலர் இச்சிறு வினாவைக் கேட்க மறந்தமையாலேயே தம் கேட்போரை இழந்தனர் என்று கூறினும் மிகையாகாது.

வன்னெஞ்சன், மென்னெஞ்சன் என்னும் அயலார் இருவர் கிறிஸ்தியானைத் திருப்பி அழைக்க ஓடிவரும் பகுதி பனியனின் நுண்ணறிவுக்குச் சான்று. வன்னெஞ்சன் எள்ளி நகைத்துத் திரும்பிவிடுகிறான். மென்னெஞ்சன் உடன்வர இசைகின்றான். வழியிலே அவன் விரும்பிக் கேட்பதெல்லாம் வான்நகரின் இன்பங்களையே. கிறிஸ்தியானும் முடியையும் ஒளியாடையையும் அழிவற்ற வாழ்வையும் வருணித்துச் செல்கின்றான். கேட்டு உள்ளம் பூரித்த மென்னெஞ்சன், விரைந்து நடப்போம் என்று ஊக்குகிறான். கிறிஸ்தியானால் முடியவில்லை, அவன் முதுகிற் சுமை. சிறிது தூரத்தில் இருவரும் அவநம்பிக்கைச் சேற்றில் விழுகின்றனர். மென்னெஞ்சன் தன் வீட்டுப் பக்கமாகவே கரையேறிப் போய்விடுகின்றான்.

இங்கே குற்றம் யார்மேலது? மென்னெஞ்சனின் மேலது என்றே பெரும்பாலோர் படிப்பர். யான் அவ்வாறு கருதவில்லை. கிறிஸ்தியான் அவனுக்கு நகரத்தைக் காட்டினான், சுமையைக் காட்டவில்லை. இனிமை இருந்தது, உண்மையிற் பாதி மறைந்தது. தன் முதுகிற் சுமையை உணராதவன் சேற்றில் ஏன் நிற்கவேண்டும்? அன்பெனத் தோன்றும் இன்சொல் மாத்திரம் ஒருவனைச் சேறுமட்டும் அழைத்துச் செல்லும் என்பதைப் பனியன் தாமே வெளிப்படக் கூறாமல் கதையினாற் கூறிவிட்டார்.

சுமை, சிலுவையின் அடியிலே அவிழ்ந்து விழுகின்றது. அதன்பின் எழில்மாளிகையிலே அன்பு என்னும் பெயருடைய கன்னி அவனிடம் வினவும் வினாக்கள் நூலின் முதற்பதிப்பில் இல்லை. பின்வந்த பதிப்பிலே சேர்க்கப்பட்டவை. மனைவி மக்களை ஏன் அழைத்துவரவில்லை என்கிறாள் அவள். கிறிஸ்தியான் அழுகிறான். நீ அவர்களுக்குச் சொன்னாயா? கடவுளின் துணையை வேண்டினாயா? சொல்லால் இழுத்ததை உன் ஒழுக்கத்தாற் கெடுத்தாயல்லையா? இவ்வாறு வினா மேல் வினா எழுகின்றது. தாம் எழுதி முடித்த நூலைத் திரும்பப் படித்த பனியனுக்கு இவ்விடத்தில் ஒரு குறை தோன்றியிருத்தல் வேண்டும். வீட்டை விட்டு ஓடிய ஒருவனை அன்பு விசாரியாமல் விடுதல் முறையன்று என்று அவர் கண்டார்.

வாயாடி என்பவனைப் பற்றி மிகப் பேசவேண்டுவதில்லை. சமயத்தைப் பற்றி எங்கும் எப்போதும் பேசி, எதனையும் வாழாதவன் அவன். கிறிஸ்தியான் அவன் குலங்கோத்திரத்தையும் வீட்டு ஒழுக்கத்தையும் அவன் இல்லாதபோது தன் தோழனுக்கு எடுத்துரைக்கிறான். அத்தோழனாகிய விசுவாசியோ, அவற்றை அவன் முகத்துக்கு நேரே சொல்லுகின்றான். இருவர் சொல்லியதும் உண்மையே. முகத்துக்கு நேரே சொன்னவன் பக்கமே எம் மனம் சாய்கின்றது.

மாயாபுரிச் சந்தை நூலின் நடுநாயகம். ஆண்டு முழுவதும் நடக்கும் அச்சந்தையிலே வீடும் நிலமும் பதவியும் பட்டமும் அரசும் இன்பமும் விற்கப்படுகின்றன. வழிப்போக்கர் இருவரும் உடையாலும் மொழியாலும் வேறுபட்டவர்; எதனையும் வாங்காதவர். என்ன வாங்குவீர் என்று கேட்டவனுக்கு, உண்மையையே வாங்குவோம் என்ற கருத்தில் விடையிறுத்தனர். அவ்வளவே. ஊர் கொதித்தெழுந்தது. அடித்துச் சேறு பூசிக் கூண்டிலிட்டு வேடிக்கை பார்த்தனர். வைதவர்களை அவர் வையவில்லை. தீங்குக்கு நன்மை செய்தனர். அப்போது ஒரு மாற்றம் நிகழ்கின்றது. சந்தைக்காரருட் சிலர், இவர்கள் என்ன குற்றம் செய்தனர் என்று தம்மவரைக் கடியத் தொடங்குகின்றனர். சந்தைக்குள்ளேயே இரு கட்சி பிறக்கின்றது. அக்கலகத்துக்கும் கூண்டிலிருந்தவரே காரணர் என்று அவர்மேற் பழி வருகின்றது! அரசியல் வழக்குகளைக் கண்டறிந்தார்க்கு இது புதுமையன்று.

வழக்கு நடைபெறுகின்றது. நீதிபதியின் பெயர் நன்மைப்பகைஞன். பொறாமை, மூடபத்தி, இச்சகன் என மூவர் சாட்சிகள். பெட்போர்ட் நீதிமன்றத்தைக் கண்ணாற் கண்டவர் எழுதிய காட்சி இது. நகையும் நஞ்சும் கலந்தது. விசுவாசி தன் எதிர்வாதத்தில், தான் சமாதானத்தை விரும்புபவன் என்றும், தம் பக்கம் சேர்ந்தோர் தம் வாய்மையையும் குற்றமின்மையையும் கண்டே சேர்ந்தனர் என்றும் முதலிற் கூறுகின்றான். இஃது அஞ்சாமையும் அமைதியும் ஒருங்கே நிற்கும் பேச்சு. ஆனால் இச்சகனுக்கு மறுமொழி கூறுங்கால் அவன் குரல் உயர்கின்றது. இந்நகரின் தலைவனும் அவன் சுற்றமும் நரகத்துக்கே தக்கவர் என்றும் கூறிவிடுகின்றான். அச்சொல்லை வீரம் என்று கொண்டாடுவோர் உளர். அதனைக் கேட்டு அச்சந்தையில் ஒருவனாவது மனந்திரும்பியதாகப் பனியன் எழுதவில்லை என்பது எம் கண்ணுக்குப் படுகின்றது. விசுவாசி வதைக்கப்பட்டு எரிக்கப்படுகின்றான்.

அச்சாம்பலிலிருந்து எழுந்தவன்போல நம்பிக்கையன் என்னும் ஒருவன் கிறிஸ்தியானுடன் வந்து சேருகிறான். அவன் சந்தையிற் பிறந்து வளர்ந்தவன். அவனை மாற்றியது எது? அவ்விருவரும் துன்புற்ற வேளையில் அவர்கள் பேசிய சொல்லையும் நடந்த நடையையும் கண்டதே என்று ஆசிரியர் தெளிவாய்ச் சொல்கின்றார். சொல்லும் நடையும் கூண்டுக்குள் ஒன்றாயிருந்தன. சுமை இறங்கிய விசுவாசிக்கு ஊரார் வேறொரு சுமையை ஏற்றிவைத்தனர். அப்போதே அவன் பேச்சுக்கு மீண்டும் கேட்போன் கிடைத்தான்.

இனி, ஓர் இந்து மாணவன் இந்நூலைப் படிக்குங்கால் உள்ளம் துணுக்குறும் இடத்துக்கு வருகின்றோம். அகந்தை நாட்டிலிருந்து வளைந்த சிறு பாதை ஒன்றின் வழியே துள்ளி வருகின்றான் அறிவீனன் என்னும் இளைஞன். தான் கடன் கொடுத்துத் தீர்ப்பவன், பிரார்த்திப்பவன், நோன்பிருப்பவன், தானம் செய்பவன் என்கின்றான். இடுக்கமான வாசல் வழியே வராத நீ கள்வன் என்று எண்ணப்படுவாய் என்கின்றான் கிறிஸ்தியான். அதற்கு அவன் கூறும் விடையின் கருத்து இது: நீங்கள் எனக்கு அந்நியர்; உங்கள் நாட்டுச் சமயத்தை நீங்கள் பின்பற்றுங்கள், என் நாட்டுச் சமயத்தை யான் பின்பற்றுவேன்; நீங்கள் சொல்லும் வாசல் எங்கள் நாட்டுக்கு வெகு தொலைவு, அதற்கு வழி அறிந்தவர் எங்கள் பக்கத்தில் இல்லை; எங்களுக்கென்று பசுமையான பாதை ஒன்று அருகிலேயே இருக்கின்றது.

இந்த விடையை யாம் எங்கே கேட்டோம்? நம் பாட்டன்மார் திண்ணைகளிலே மிஷனரிமாருக்குச் சொன்ன விடை இதுவேயன்றோ! பனியன் நம்மை நினைத்து எழுதினாரல்லர். தம் ஊரிலே நற்செய்கையை நம்பிப் பேரளவில் மாத்திரம் கிறிஸ்தவராயிருந்தோரையே அவர் குறித்தார். நேர்மையான விமரிசகன் இதனை மறைத்தல் ஆகாது. எனினும் சொல் சொல்லே. நாகரிகமான, பிறர்க்குத் தீங்கு நினையாத ஒருவனின் விடையை அறிவீனம் என்று பெயரிட்டு அவன் வாயில் வைத்தார்.

அவ்விடைக்குக் கிறிஸ்தியான் என்ன மறுமொழி சொன்னான்? ஒன்றுமில்லை. தன் தோழனின் காதிலே, இவனைக் காட்டிலும் மூடனிடத்து நம்பிக்கை வைக்கலாம் என்ற பொருள்பட முணுமுணுக்கின்றான். ஏன் அழுகின்றாய் என்று கேட்டுத் தனக்கு வழிகாட்டியவனை அவன் மறந்துவிட்டான். நம்பிக்கையனோ வேறுவிதமாய்ப் பேசுகின்றான்: எல்லாவற்றையும் ஒரே முறையிற் சொல்லவேண்டாம், அவன் தாங்கத்தக்க அளவிலே பின்னர்ப் பேசுவோம் என்பது அவன் கருத்து. நெடுந்தூரம் சென்றபின் திரும்பிப் பார்ப்பவனும் அவனே. நம் துணையை அவன் விரும்பவில்லை என்று கிறிஸ்தியான் அசட்டையாகச் சொல்ல, ஆயினும் அவனுக்காகச் சற்றே தாமதிப்போம் என்கின்றான் நம்பிக்கையன். தாமதிக்கின்றனர். மீண்டும் பேச்சு நிகழ்கின்றது. அது கொள்கை வாதமாகவே முடிகின்றது. அறிவீனன், உங்கள் வேகத்துக்கு என்னால் நடக்க முடியாது என்று பின்தங்கிவிடுகின்றான்.

சந்தையில் பிறந்தவன் நம்பிக்கையன். தானும் அண்மைக்காலம்வரை வெளியே நின்றவன் என்பதை அவன் கால்கள் மறக்கவில்லை. அதனாலேயே அவன் நின்றான். இந்நூல் முழுவதிலும் அவிசுவாசி ஒருவனுக்காக விசுவாசி ஒருவன் தன் நடையை நிறுத்திக் காத்திருந்த இடம் இதுபோல வேறொன்று எமக்குத் தோன்றவில்லை. விமரிசகர் பலர் மாயாபுரிக் காட்சியைப் போற்றுவர். எமக்கோ இச்சிறு நிறுத்தமே அதனினும் பெரிதாகத் தோன்றுகிறது.

இறுதியில், வீண்நம்பிக்கை என்னும் ஓடக்காரனின் உதவியால் எளிதாக ஆற்றைக் கடந்து அறிவீனனும் வான்நகரின் வாசலை அடைந்து தட்டுகின்றான். சான்றுச்சீட்டுக் கேட்கின்றனர். மடியைத் துழாவுகின்றான், இல்லை. ஒரு சொல்லும் பேசாமல் நிற்கின்றான். ஒளியுருவினர் இருவர் அவனைக் கைகால் கட்டித் தூக்கிச் சென்று மலைச்சாரலிலுள்ள ஒரு கதவினூடே தள்ளிவிடுகின்றனர். வாசலுக்குள்ளே கிறிஸ்தியானும் நம்பிக்கையனும் இருக்கின்றனர். அவனுக்காக ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சொல் எழவில்லை. அத்துடன் கனவு கலைகின்றது. சித்தாந்தத்துக்குப் பழுது நேராமல் பனியன் காத்துக்கொண்டார். முதல் ஏட்டில் மனைவி மக்களுக்காக அழுத கண்களை எங்கே வைத்தார் என்று தெரியவில்லை.

ஆறாண்டு கழித்து வந்த இரண்டாம் பாகம் இக்கடுமையை ஓரளவு தணிக்கின்றது. கிறிஸ்தியானின் மனைவி இப்போது தானே புறப்படுகின்றாள். அவளைப் புறப்படச் செய்தது எந்த வாதமும் அன்று; ஆற்றைக் கடந்துவிட்ட கணவனின் பெருமூச்சும் கண்ணீரும், அவற்றின்முன் தான் காட்டிய வன்மையும் நினைவுக்கு வந்து அவளை வருத்தின. மாயாபுரியிலும் விசுவாசியின் குருதி ஊரார் நெஞ்சில் உறுத்த, கொடுமை தணிந்திருக்கின்றது. வழித்துணைவனான பெருநெஞ்சன் நொண்டிக்கும் கோழைக்கும் ஏற்பத் தன் நடையைக் குறைக்கின்றான். ஆனால் அவர்கள் உள்ளே வந்தவர்கள்.

இக்கதை தமிழ்ச் செய்யுளாக வந்த வரலாறு நமக்குத் தனிச்சிறப்புடையது. யாழ்ப்பாணத்திலே நாவலரவர்களின் துணையோடு விவிலிய மொழிபெயர்ப்பில் ஈடுபட்ட பேர்சிவல் பாதிரியார் பின்னர்ச் சென்னை சென்று தினவர்த்தமானி என்னும் பத்திரிகையை நடத்தினார். நம் பழமொழிகளை ஆயிரக்கணக்கிற் செவிமடுத்துத் தொகுத்தவரும் அவரே. பேசவந்தவர் கேட்கவும் கற்றிருந்தார். அவரோடு நெடுங்காலம் பழகிய நாவலர் சைவராகவே நின்று சைவத்தை வளர்த்தார். அவரது பத்திரிகையிலே துணையாசிரியராய் அமர்ந்த கிருஷ்ணபிள்ளை, நெல்லையைச் சார்ந்த கரையிருப்பில் 1827இல் வைணவக் குடும்பத்திற் பிறந்தவர், 1858இற் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். கம்பனில் தோய்ந்த அவர் பனியனின் கதையை ஐந்து பருவங்களில் மூவாயிரத்து எழுநூற்றுக்கு மேற்பட்ட செய்யுள்களாக்கி, இரட்சணிய யாத்திரிகம் என்று 1894இல் வெளியிட்டார்.

பனியன் சிலுவையைக் கிறிஸ்தியானின் சுமை விழும் இடமாக மாத்திரம் காட்டிச் சில வரிகளிற் கடந்து செல்வார். கிருஷ்ணபிள்ளையோ இயேசு பிடிபட்டு விசாரிக்கப்பட்டு வதையுற்ற வரலாற்றையே காப்பியத்துள் விரித்தார். ஆங்கே ஒரு கருத்து வருகின்றது. இயேசுவை அசையாது பிணித்து நிறுத்தியது பகைவர் கட்டிய கயிறு என்று எண்ணாதீர். அப்பகைவரை நினைந்து உருகிய அன்பே அவரை அறுக்கமுடியாதபடி கட்டியது என்கின்றார் புலவர். வைணவ வீட்டிலே, உரலோடு கட்டுண்ட கண்ணனின் கதையைக் கேட்டு வளர்ந்தவர் வாயிலிருந்தே இக்கருத்து இவ்வடிவில் வரமுடியும் என்று எண்ணுகின்றோம். சைவர்க்கும் அன்புக்குக் கட்டுண்ணும் இறைவன் புதியவனல்லன். ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. கண்ணனைக் கட்டியது அவன்பால் அன்புடைய தாயின் கை. ஈண்டுக் கட்டியது பகைத்தவர்பால் கட்டுண்டவர் கொண்ட அன்பு. பனியனின் நூலோ, கைகால் கட்டுண்ட அறிவீனனோடு முடிகின்றது.